மஞ்சப் புள்ளி என்னோடது

அந்த மேப்பைக் கொஞ்சம் மூடி வைங்க அண்ணாச்சி. தப்பா நினைக்காதிய. பஸ் எங்க போகுதுன்னு போன்லயே பாத்துக்கிட்டு வாரிய, அந்த நீலப் புள்ளி ஊர்ந்து ஊர்ந்து போகுது. எனக்கு அதைக் கண்டாலே நெஞ்சு கரிக்குது. எங்க இறங்கணும் உங்களுக்கு? முக்கூடலா? அப்ப கவலைய விடுங்க, நானும் அங்கதான் போறேன், மக வீட்டுக்கு. ஊர் வந்ததும் நான் தட்டிச் சொல்லுதேன்.

இன்னொரு உபகாரம். அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் குடுப்பியளா? இல்ல, வாந்தியெல்லாம் ஒண்ணும் கிடையாது. வழியில ஒரு குளம் வரும், இந்தப் பக்கமாத்தான் வரும். அதை எட்டிப் பாக்கணும், அவ்வளவுதான். சனிக்கிழமை சனிக்கிழமை இந்த பஸ்ஸுலதான் ஏறுவேன், இந்தப் பக்கமாத்தான் உக்காருவேன். பைபாஸ்ல போற பஸ் இதைவிட வெரசாப் போயிரும். ஆனா அதுல போனா குளம் தெரியாது.

நல்லா இருங்க. பையை மடியில வச்சுக்கிடுதேன்.

பேட்டையில பாத்திரக்கடை வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆவுடைநாயகம் பாத்திர மாளிகை. மாளிகைன்னா பெருசா நினைச்சிராதிய, ரெண்டு ஷட்டர்தான். வாங்குற சாமானுக்கு நாங்களே பேர் வெட்டிக் குடுப்போம். அந்த மெஷின் ர்ர்ருன்னு புள்ளி புள்ளியா இறங்கும் பாத்திருக்கியளா, அது என் கைதான். எந்தக் குடத்தையும் எந்தச் சட்டியையும் பேர் வெட்டாம நான் வெளிய அனுப்புனது கிடையாது. ஒரு விசேஷ வீட்டுல எல்லாச் சட்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கும். பேர் இல்லேன்னா எவன் வேணாலும் என்னோடதுன்னு தூக்கிட்டுப் போவான். நீங்க என்ன செய்ய முடியும்? எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஆனா பாத்திரத்துல இல்ல.

சொரிமுத்துன்னு ஒருத்தன். பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். நானும் அவனும் ஒரே பெஞ்சுல படிச்சோம். அவனுக்கு ஒரு கிறுக்கு, பறவைக் கிறுக்கு. எனக்கு அது கிடையாது, உள்ளதைச் சொல்லுதேன். எனக்குக் கொக்கும் நாரையும் ஒண்ணுதான். அவன் வா வான்னான், போனேன். நொச்சிமேனிக்குளம்னு, இப்ப வரும் பாருங்க, குளத்துக்குள்ள நாட்டுக்கருவேல மரமா நிக்கும். தை மாசம் ஆனா மரம் பூரா நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வெள்ளை வேட்டியக் காயப் போட்ட மாதிரி இருக்கும் தூரத்துல பாத்தா.

எத்தனை வருசம் போயிருப்போம்! அவன் சைக்கிளு, நான் என் டிவிஎஸ். கரையில உக்காந்து வடையும் காப்பியும். ஒரே ஒரு பைனாகுலர், அவன் வாங்குனது. அவன் கொஞ்ச நேரம் பாப்பான், இந்தாவே நீ பாருன்னு எங்கிட்ட நீட்டுவான். நான் ஒண்ணும் பெருசாப் பாக்க மாட்டேன். கண்ணுல வச்சுக்கிட்டு அவன் சொல்லுததைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். என்னவே தெரியுதான்னு கேப்பான். தெரியுதுவேம்பேன். தெரியாட்டாலும் தெரியுதும்பேன். நல்லாத்தான் போச்சு அண்ணாச்சி. யாரு கண்ணு பட்டுச்சோ.

பொறவு அந்தம்மா வந்தா.

பியூலான்னு பேரு. காலேஜ்ல விலங்கியல் எடுக்கா. தப்பா ஒண்ணும் சொல்லல, நல்ல பிள்ளைதான். வணக்கம் சார்னுதான் பேசுவா, கடைக்கு வந்தா நின்னுக்கிட்டே பேசுவா, உக்காருங்கன்னு சொன்னாத்தான் உக்காருவா. அதுதான் எரிச்சல். ஒரு குறை சொல்ல வழியில்லாம இருக்கா. முத நா குளத்துக்கு வந்தா. இந்த சொரிமுத்து பைனாகுலரை எடுத்தான், பாத்தான், இந்தாங்க மேடம்னு அவகிட்ட நீட்டுதான். பழக்க தோசத்துல நான் கைய நீட்டிட்டேன். நீட்டுன கைய எங்க கொண்டு போய் வைக்க? தலையச் சொறிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டு பேரும் பேசுதாங்க பாருங்க, எனக்கு ஒரு எழவும் வெளங்கல. அவ ஒரு இங்கிலீஷ் பேரு சொல்லுதா, இவன் ஆமா ஆமாங்கான். எங்கிட்ட இத்தனை வருசமா பேசுனவன் இப்படி ஒரு தடவை கண்ணு விரிஞ்சு பேசுனதில்ல. எங்கிட்டப் பேசும்போது சொல்லிக் குடுத்தான், அவகிட்ட கேட்டுக்கிடுதான். அது வேற, இது வேற. உங்களுக்குப் புரியுதுல்லா?

வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ சிரிக்கா. நீங்க என்ன அவரு கட்டுன பொண்டாட்டியா, இப்படிப் பொசுங்குதியளேங்கா. கேலிதான், ஆனா சுருக்குன்னு இருந்துச்சு. சவத்த விடுன்னு நான் குளத்துக்குப் போறதையே நிறுத்திட்டேன். ஆவணியில நிறுத்துனேன். கடையில வேலை கெடக்குன்னு சொல்லிட்டேன். அவன் போன் பண்ணுவான், எடுக்க மாட்டேன். பத்துத் தடவை பண்ணுனா ஒரு தடவை எடுத்து, ஆள் இருக்கு பொறவு பேசுதேம்பேன். வந்து கூப்பிடட்டுமேன்னு இருந்தேன். கடைக்கு நேர்ல வந்து, என்னவே உனக்கு, வாவேன்னு கையப் புடிச்சு இழுத்தா போயிருப்பேன்.

மாசி மாசம் வந்தான். ஆனா தனியா வரல, அவளையும் கூட்டிட்டுல்லா வந்தான்.

விசயம் என்னன்னா, குளத்துல நிக்கிற மரத்தை ஏலம் விட்டு வெட்டப் போறாங்க. அது ஊருக்கு ஊர் உள்ளதுதான். மரம் வளந்தா ஏலம், பஞ்சாயத்துக்குப் பங்கு. வெட்டிட்டா நாரை எங்க போய்க் கூடு கட்டும்? சென்னையில ஏதோ டிரஸ்ட் இருக்காம். மரத்தை வெட்டாம விடுங்க, பஞ்சாயத்துக்கு வர வேண்டியதை நாங்க குடுக்கோம், காவலுக்கு ஒரு குழு போடுங்கங்கான். அதுக்கு மனு போடணும். மனுவோட ஒரு மேப்பு. இன்டர்நெட்டுல குளத்தைத் தொறந்து, எந்த மரத்துல கூடு இருக்கோ அங்கன ஒரு புள்ளி வைக்கணும். இந்த சீசன்ல அவங்கவங்க கண்ணால பாத்ததை மட்டும் வைக்கணும். மூணு பேர் சேந்து போடுத மனு. சொரிமுத்து, பியூலா, நான். என் பேரை முதல்லயே போட்டுட்டானாம். இதை என்னமோ பெருமையாச் சொல்லுதான்.

அந்தம்மா என் போனை வாங்கி அந்த மேப்பை ஏத்திக் குடுத்தா. மேல இருந்து எடுத்த படம், குளம் அப்படியே தெரியுது. ஆளுக்கு ஒரு கலர் சார், நான் சிவப்பு, சொரிமுத்து சார் நீலம், உங்களுக்கு மஞ்சள்ங்கா. புள்ளிய அமுக்குனா வச்சவங்க பேரு வருமாம்மான்னு கேட்டேன். பேரு வராது சார், கலர் மட்டும்தான்னா. அப்பவே எனக்கு மனசுக்கு ஒப்பல. பேர் இல்லாம என்ன கணக்குன்னு கேட்டேன். சொரிமுத்து சிரிச்சான். இவன் குளத்துக்கே பேர் வெட்டிருவான் மேடம்னான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், என்ன செய்ய.

போகும்போது சொன்னான். ஒரு தடவை வந்து சுத்திப் பாத்துட்டு வைவே, குளம் முன்ன மாதிரி இல்லன்னான். எனக்குத் தெரியாத குளமாவேன்னேன். அந்தம்மா வண்டியில ஏறிட்டா, இவனும் பின்னால ஏறிப் போயிட்டான். சைக்கிள எங்க விட்டான்னு தெரியல.

பொறவு கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து அந்த மேப்பைத் தொறப்பேன். தொறந்தா சிவப்பும் நீலமுமா இருக்கு. ஒரு சிவப்பு இருந்தா பக்கத்துல ஒரு நீலம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்திருக்காங்க, வேற எப்படி வரும்? இந்த மரத்துக்கிட்ட நின்னாங்க, இங்கன உக்காந்தாங்க, இங்கன வடை தின்னுருப்பாங்க. நாளுக்கு நாள் கூடுது. மதியம் சாப்பிட்டு வந்து தொறந்தா நாலு கூடியிருக்கும். மஞ்சள் ஒண்ணுகூட இல்ல. அத்தனை வருசம் போன ஆளு நான், நேத்து வந்தவளுக்குக் குளம் பூரா சிவப்பு. என் வயிறு எரிஞ்சதுக்கு அளவே இல்ல அண்ணாச்சி. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, நீங்க முக்கூடல்ல இறங்கிப் போயிருவிய.

ஒரு மத்தியானம் உக்காந்தேன். வச்சேன் மஞ்சள. தெக்குக் கரைப் பக்கம் பாத்தா ஒரு புள்ளி இல்ல. அந்த ரெண்டு பேரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. படத்துல மரம் நெருநெருன்னு நிக்கு. அந்த மரத்தடியிலதான் நாங்க எப்பவும் உக்காருவோம், அதுல கூடு இல்லாம எந்த வருசம் இருந்திருக்கு? மரத்துக்கு ஒண்ணுன்னு வச்சேன். விரல் வலிக்க வலிக்க வச்சேன். குடத்துல பேர் வெட்டுத மாதிரிதான், வரிசையா. முடிச்சுட்டுத் தூரமா வச்சுப் பாத்தேன், தெக்குப் பக்கம் பூரா மஞ்சளாப் பூத்துக் கெடக்கு. சிவப்பு நீலம் ரெண்டையும் சேத்தாலும் அவ்வளவு வராது. அன்னைக்குத்தான் ராத்திரி சோறு இறங்குச்சு எனக்கு.

கண்ணால பாத்ததை மட்டும் வைக்கச் சொன்னாங்களேன்னு கேக்கியளா? நான் பாக்காததா? போன வருசம் பாத்தேன், அதுக்கு முந்தின வருசம் பாத்தேன். நாரை என்ன வருசா வருசம் வாடகை வீடா மாத்தும்?

மனு போயிருச்சு. அந்தம்மா கடைசி நா ராத்திரியோட ராத்திரியா அனுப்பிட்டாளாம், மஞ்சள் எப்ப வந்துச்சுன்னு அவ பாக்கவும் இல்ல போலுக்கு. கொஞ்ச நாள் கழிச்சு டிரஸ்ட்டுல இருந்து ஒரு ஆபீசர் வந்தாரு, நேர்ல பாக்க. மூணு பேரும் வாங்கன்னாங்க. போனேன். வேட்டி சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டுப் போனேன்.

ஆபீசர் போன்ல மேப்பைப் பாத்துக்கிட்டே நடக்காரு. சிவப்புக்குப் போனோம், மரம் இருக்கு, கூடு இருக்கு. நீலத்துக்குப் போனோம், இருக்கு. டிக் அடிச்சுக்கிட்டே வாரார். பொறவு சொன்னார், மஞ்சள்தான் நிறைய இருக்கு, தெக்கே போவோம்னாரு. எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. நான்தான் முன்னால நடந்தேன், வாங்க சார் நான் கூட்டிட்டுப் போறேன்னு. சொரிமுத்து பின்னால இருந்து ஏய் ஆவுடை, ஆவுடைன்னு கூப்பிடுதான். நான் திரும்பல.

போய்ப் பாத்தா மரம் இல்ல.

ஒத்த மரம் இல்ல அண்ணாச்சி. மொட்டை. அடிக்கட்டையா நிக்கு, ஆடு மேயுது. புரட்டாசியிலயே அந்தப் பக்கத்து ஏலம் முடிஞ்சு வெட்டிட்டாங்களாம். அது போனதைப் பாத்துத்தான், மிச்சத்தையாவது காப்பாத்தணும்னு அவன் இந்த மனுவையே புடிச்சிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? படத்துல மரம் இருந்துச்சே. படம் பழைய படம்னு அந்தம்மா சொல்லியிருக்க வேண்டாமா? படிச்சவதானே?

ஆபீசர் மூஞ்சி மாறிப் போச்சு. இல்லாத மரத்துல இத்தனை கூடான்னாரு. இதெல்லாம் யாரு வச்சதுன்னு கேட்டாரு. மூணு பேரும் நிக்கோம். ஆடு மேய்க்கிற பொம்பளை வேற வேடிக்கை பாக்கா. நான் வாயைத் தொறக்கதுக்குள்ள இந்த சொரிமுத்து முன்னால வந்து சொல்லுதான்.

மஞ்சள் நான் வச்சது சார். போன வருசத்து நினைப்புல வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்.

எப்படி இருக்கும் எனக்கு? நீங்க சொல்லுங்க. நான் விரல் தேய வச்ச புள்ளி. சிவப்பு நீலம் ரெண்டும் அவங்களுக்கு, இருந்த ஒரே மஞ்சள், அதையும் என்னோடதுங்கான். பேர் வராதுல்லா, கலர்தானே, எவன் வேணாலும் சொல்லலாம்லா. இதுக்குத்தான் தலையில தலையில அடிச்சுக்கிட்டேன், பேர் வேணும் பேர் வேணும்னு. நான் அந்த அடிக்கட்டையவே பாத்துக்கிட்டு நின்னேன். அந்தம்மா என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியும், மஞ்சள் யாருன்னு. அவளும் வாயைத் தொறக்கல. ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செய்திருப்பாங்கன்னு நினைச்சேன்.

டிரஸ்ட்டுக்காரங்க கடைசியில ஒத்துக்கிட்டாங்க. தெக்குப் பக்கத்தைக் கழிச்சுட்டு, மத்த மரத்துக்கெல்லாம் குடுத்துட்டாங்க. மரம் தப்பிச்சுட்டு. ஆனா ஒரு கண்டிசன். தப்பாப் புள்ளி வச்ச ஆள் குழுவுல இருக்கப்படாது. கூடு கட்டுத சீசன்ல குழுக்காரங்க தவிர யாரும் மறுகாலைத் தாண்டி, அதான் குளம் நிறைஞ்சா தண்ணி வழியுத எடம், அதைத் தாண்டிக் கரையில போகவும் படாது. போர்டு வச்சுட்டாங்க. குழுத் தலைவரா வர வேண்டியவன், அவன்தானே மஞ்சள்னு சொன்னான், அவன் வெளிய. நல்லா வேணும் அவனுக்கு.

அவன் எடத்துக்கு யாருன்னு கேட்டிருக்காங்க. ஆவுடைநாயகம்னு அவனே சொல்லியிருக்கான். அவன் எடத்துக்கு நான் தலைவர். கார்டு குடுத்திருக்காங்க, போட்டோ போட்டு, பேர் போட்டு. இந்தா பாருங்க. பேர் நல்லா எடுப்பா இருக்குல்லா? ஒரு நா கடைக்கு வந்து அந்தப் பைனாகுலரை மேசை மேல வச்சான். இனிமே இது உனக்குத்தான்வே வேணும், எனக்கு எதுக்குன்னான். நான் ஏறிட்டுப் பாக்கல, ஒரு சம்புடத்துக்குப் பேர் வெட்டிக்கிட்டு இருந்தேன். மெஷினை நிறுத்துனா பேச வேண்டியிருக்குமேன்னு நிறுத்தல. கொஞ்ச நேரம் நின்னான், போயிட்டான். சம்புடத்துல எழுத்து கோணிப் போச்சு, விக்க முடியாம இன்னும் கடையிலதான் கெடக்கு.

குளத்துக்கா? நான் தலைவர் ஆகி ஒரு தடவைகூடப் போகல. அந்தம்மாதான் எல்லாம் பாக்கா. சார் சனிக்கிழமை காலையிலயாவது வாங்க சார்னு மெசேஜ் போடுதா. நான் எதுக்குப் போகணும்? அங்க போனா அவன் நிப்பான். போர்டுக்கு இந்தப் பக்கம் மறுகால்ல நிப்பான், தினமும் வாரானாம். அவகூட நின்னு பேசிக்கிட்டு இருப்பான். அதைத்தான் இந்த ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போறேன், வாரா வாரம். சேந்து நிக்காங்களா, தனியா நிக்கானான்னு. அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் இல்ல.

என்ன கேட்டிய?

இல்ல, காதுல விழுந்துச்சு. தப்புன்னு தெரிஞ்ச பொறவு ஒருத்தன் எதுக்கு அதைத் தன்னோடதுன்னு சொல்லணும்னு கேக்கிய.

அதான் சொன்னேன்லா. பேருக்காகத்தான். எல்லாப் பேரும் அவனுக்கே வேணும்னு... அங்க என்ன பேருன்னு கேட்டா... ஆபீசர் திட்டத்தான் செய்தாரு. ஆடு மேய்க்கிறவகூடச் சிரிச்சா. அவன் தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னான். நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். வேட்டி தேய்ச்சுக் கட்டியிருந்தேன்லா, ஆபீசர் எங்கிட்ட, நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்னாரு. நான் ஆமா சார்னேன்.

உங்ககிட்டத் தண்ணி இருக்கா?

வேண்டாம், இருக்கட்டும். நீங்க எந்த ஊரு? ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட வாயைக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும். நீங்களும் அவன் பக்கம்தான் பேசுவிய, பேசுங்க. எல்லாரும் அவன் பக்கம்தான்.

அந்தா வருது குளம். அந்த வளைவு தாண்டுனா மறுகால். கொஞ்சம் இருங்க, நான் பாக்கணும். நாரையைப் பாத்தியளா, மரம் மேல வெள்ளையா? அதான். போர்டு தெரியுதா?

நிக்கான். தனியாத்தான் நிக்கான். அவளைக் காணோம். கைய நெத்தியில வச்சுக்கிட்டுக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பாக்கான். அங்க இருந்து பாத்தா அவனுக்கு என்ன தெரியும்? வெள்ளையாத் தெரியும், அவ்வளவுதான். எது நாரை எது கொக்குன்னுகூடத் தெரியாது.

கண்டக்டர் சார், மறுகால்ல ஒரு ஆள் இறக்கம்.

முக்கூடல் டிக்கெட்தான், இருக்கட்டும், நீங்க விசிலை ஊதுங்க. அண்ணாச்சி, நான் எந்திரிக்கேன், இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க. பாத்து, பாத்து, உள்ள பைனாகுலர் கெடக்கு. வாரா வாரம் தூக்கிட்டுத்தான் வாரேன், சும்மா, கனம் ஒண்ணும் இல்ல. முக்கூடல்ல உங்களை நான் தட்ட முடியாது, நீங்க அந்த மேப்பைத் தொறந்து பாத்துக்கிடுங்க. வழி விடுங்க, வழி விடுங்க.

அந்தம்மா எட்டு மணிக்கு வந்திருவா. அவ வாரதுக்குள்ள நான் போய்ச் சேரணும்.